அம்மாவின் சிவப்பு அட்டை

கேள்வி: அம்மா 1953இல் ரப்பர்த் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். இன்னமும் நிரந்தரவாசிக்கான சிவப்பு அடையாள அட்டைதான். குடியுரிமைக்கு மனுப் போட்டிருக்கிறோம். எவ்வளவு காலம் ஆகும்?
– வாசகி, ராசா

பதில்: நாள் குறித்துச் சொல்ல முடியாது, சகோதரி. மனு மலேசிய அரசமைப்பின் எந்தப் பிரிவில் போயிருக்கிறது என்று முதலில் பாருங்கள். பிரிவு 19 என்றால், 12 ஆண்டில் 10 ஆண்டு வசித்து, மலாய் நன்றாகத் தெரிந்திருந்தாலும் முடிவு அரசின் கையில். அம்மாவோ 1957 மெர்டேக்காவுக்கு முன்பே இந்த மண்ணில் பிறந்தவர். அவருக்கானது பிரிவு 16. விண்ணப்பத்துக்கு முந்திய 7 ஆண்டில் 5 ஆண்டு இங்கே வசித்து, ஓரளவு மலாய் தெரிந்து, நன்னடத்தையோடு, தொடர்ந்து இங்கேயே வாழும் எண்ணமும் இருந்தால் பதிவு பெறுவது அவருடைய உரிமை. யாரும் போடும் பிச்சை அல்ல!

அடுத்து, பெயரைச் சரிபாருங்கள். அந்தக் காலத்தில் தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) காதில் விழுந்தபடி எழுதிய பெயர்கள் ஏராளம். பிறப்புப் பத்திரத்தில் 'முனியம்மா', அட்டையில் 'மினியமா' என்றிருந்தால் மனு அங்கேயே முடங்கக்கூடும். இரண்டையும் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். பிறகு மனு எண்ணோடு சிரம்பான் தேசியப் பதிவுத் துறைக்கு நேரில் போய், எந்தப் பிரிவு, எந்தக் கட்டம் என்று கேளுங்கள். அம்மாவையும் அழைத்துப் போங்கள்.