லாக்-அப் எங்கே பிடிக்கட்டும், எங்கே விடட்டும்?

பிளஸ் நெடுஞ்சாலையில் கூலாய் தாண்டி வடக்கே, 110-இல் சீராகப் போகிறீர்கள். மிதியை அசைக்கவில்லை. ஆனாலும் ஆர்பிஎம் முள் இருநூறு முந்நூறு இறங்கி நிற்கிறது. கியர் மாறியது என்றுதான் பலரும் நினைப்பார்கள். கடைசி கியர் எப்போதோ விழுந்துவிட்டது; இது லாக்-அப்.

ஆட்டோ காரில் என்ஜினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவே டார்க் கன்வெர்ட்டர் இருக்கிறது. என்ஜின் பக்கத்து இறக்கைச் சக்கரம் எண்ணெயைத் தள்ள, அந்த எண்ணெய் கியர் பக்கத்துச் சக்கரத்தைச் சுழற்றும். நடுவில் எண்ணெய் மட்டுமே என்பதால் கொஞ்சம் வழுக்கும். நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது இந்த வழுக்கல் நமக்கு லாபம்: என்ஜினின் முறுக்குவிசை ஏறக்குறைய இரண்டு மடங்காகிக் கியர் பெட்டிக்குப் போகிறது. ஆனால் சீரான ஓட்டத்தில் அது வெறும் சூடும் பெட்ரோல் செலவும்தான். அதைத் தவிர்க்கத்தான் உள்ளே ஒரு கிளட்ச் இரண்டு பக்கத்தையும் இறுகப் பிணைக்கிறது; இதுதான் லாக்-அப். அமெரிக்காவின் பேக்கார்ட் நிறுவனம் 1949-இலேயே இதைத் தன் கியர் பெட்டியில் வைத்துவிட்டது.

புரோட்டோன் எக்ஸ்50 போன்ற இரட்டைக் கிளட்ச் கார்களில் கன்வெர்ட்டரே இல்லை. அவற்றை ஓட்டுபவர்களுக்கு இந்தக் கட்டுரையில் வேலையில்லை. 2021 கடைசியில் சிவிடி கியர் பெட்டிக்கு மாறிய மைவியில் கன்வெர்ட்டர் உண்டு, ஆனால் சிவிடி குறைந்த வேகத்திலேயே பிடித்துக்கொள்ளும். கீழே சொல்வது அதற்கு முந்திய நான்கு கியர் மைவிக்கும், 2019 முதல் வந்த நான்கு கியர் சாகாவுக்கும், ஆட்டோ ஹைலக்ஸுக்கும் நன்றாகப் பொருந்தும்.

லாக்-அப்புக்கென்று பொத்தான் கிடையாது. என்ஜின் சூடேறியதா, வேகம் போதுமா, எண்ணெய் மிதி எவ்வளவு அழுந்தியிருக்கிறது, பிரேக்கில் கால் இருக்கிறதா என்று பார்த்துக் கணினியே முடிவெடுக்கிறது. உங்களிடம் இருப்பது வலது காலும் கியர் கோலும்தான். அந்த இரண்டை வைத்தே கணினியை வழிக்குக் கொண்டு வரலாம்.

முதல் வேலை, உங்கள் கார் எந்த வேகத்தில் பிடிக்கிறது என்று தெரிந்துகொள்வது. கால் மணி நேரம் ஓட்டி என்ஜினைச் சூடேற்றுங்கள். நெரிசல் இல்லாத சமதரையில் 60, 70, 80 என்று ஒவ்வொரு வேகத்திலும் சற்று நேரம் காலை அசைக்காமல் வையுங்கள். முள்ளைப் பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும். உங்கள் கண் சாலையில் இருக்கட்டும். கியர் மாறினால் முள் பெரிதாக விழும். லாக்-அப் பிடித்தால் சின்னதாக, அமைதியாக இறங்கும். சந்தேகமிருந்தால் மிதியை ஒரு நூல் மட்டும் கூட்டிப் பாருங்கள். பிடித்திருந்தால் முள்ளும் வேகமும் சேர்ந்தே ஏறும். பிடிக்கவில்லை என்றால் முள் முந்தி ஓடும், வேகம் பின்னால் வரும்.

அந்த வேகம் தெரிந்துவிட்டால் நெடுஞ்சாலையில் வேலை சுலபம். வேண்டிய வேகத்தைத் தொட்டதும் காலை ஒருமுறை லேசாகத் தளர்த்துங்கள், பிடித்துக்கொள்ளும். அதன்பின் மிதியை அழுத்தி அழுத்தி விடாதீர்கள். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் அது கழன்று திரும்பப் பிடிக்கும்.

குழப்பம் மேட்டில்தான் வருகிறது. குளுவாங்கிலிருந்து காஹாங், ஜெமாலுவாங் வழியாக மெர்சிங் போகும் வழியில் வரும் 50-ஆம் எண் கூட்டரசுச் சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். முன்னால் செம்பனைக் குலை ஏற்றிய லோரி, அடுத்து ஒரு மேடு, ஒரு வளைவு. கோல் டி-யிலேயே இருந்தால் லாக்-அப் கழலும், மூன்றாவது விழும், மேடு முடியுமுன் நான்காவது ஏறும், மறுபடி விழும். கிளட்ச் தேய்வதும் எண்ணெய் கொதிப்பதும் இந்தத் தடுமாற்றத்தில்தான். மேடு தொடங்கும் முன்பே ஓவர்டிரைவை அணையுங்கள், அல்லது கோலை 3-க்கு இழுங்கள். என்ஜின் கொஞ்சம் சத்தம் போடும், போடட்டும். மூன்றாவதிலும் லாக்-அப் பிடிக்கும் பெட்டிகள் பல உண்டு. அவற்றில் மேடு முழுக்க ஒரே பிடியில் ஏறிவிடலாம். படகை இழுத்துக்கொண்டு மெர்சிங் துறைக்குப் போகும் ஹைலக்ஸுக்கு இது இன்னும் முக்கியம்.

லோரியை முந்துவதென்றால் கணக்கு தலைகீழ். அங்கே லாக்-அப் கழல வேண்டும். எதிரே காலி என்று உறுதியானதும் மிதியை நன்றாக அழுத்துங்கள். கன்வெர்ட்டரும் கீழ் கியரும் தரும் இழுவை வந்த பிறகு வெளியே எடுங்கள். இறக்கத்தில் கோலைக் கீழ் கியரில் வைத்தே இறங்குங்கள். டி-யில் பிரேக்கை மிதித்தபடி இறங்கினால் பல கார்களில் லாக்-அப் கழன்று, என்ஜின் தரும் தடுப்பும் குறைந்துவிடும்.

ஜொகூர் கடற்பாலத்து ஜாமில் லாக்-அப் பிடிக்காது, பிடிக்கவும் கூடாது. ஊர்ந்து போகும்போது எண்ணெய் சூடாவதைத்தான் கவனிக்க வேண்டும். சரிவில் நிற்கும் காரை எண்ணெய் மிதியால் தாங்கிப் பிடிக்காதீர்கள், பிரேக்கால் பிடியுங்கள். நெடுநேரம் நிற்பதாகத் தெரிந்தால் நியூட்ரலில் போட்டு ஹேண்ட் பிரேக் இழுங்கள்.

லாக்-அப்பைக் கையால் போட ஒரு சுவிட்ச் வைத்துத் தருவதாகச் சொன்னால், சாதாரண காருக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். முழு இழுவையில் வலுக்கட்டாயமாகப் பிடிக்க வைத்தால் கிளட்ச் எரியும். அணைக்க மறந்து நிறுத்தினால் என்ஜின் அணையும்.

கோளாறுகளுக்கும் அடையாளம் உண்டு. அறுபது எண்பதில் சீராகப் போகும்போது, கோடு போட்ட தார் மேல் ஓடுவதுபோல் கார் நடுங்கி, மிதியை அழுத்தியதும் நின்றால் பெரும்பாலும் கியர் எண்ணெய் கெட்டிருக்கிறது. ‘அண்ணே, மினியாக் மாத்திருங்க’ என்று மட்டும் சொல்லாமல், கையேட்டில் எழுதியிருக்கும் அதே ரக எண்ணெயைக் கேட்டு வாங்குங்கள். நிறுத்தும்போது என்ஜின் திணறி அணைந்தால் லாக்-அப் கழலாமல் இருக்கலாம், ஓட்டாமல் காட்டுங்கள்.

எவ்வளவு ஓட்டினாலும் பிடிக்கவே இல்லையென்றால் உடனே கியர் பெட்டியை இறக்கச் சம்மதிக்காதீர்கள். தெர்மோஸ்டாட் திறந்தபடி நின்று என்ஜின் சூடேறாமல் இருக்கலாம். பிரேக் சுவிட்ச் கெட்டுப்போய், மிதி அழுந்தியே இருப்பதாகக் கணினிக்குச் சொல்லிக்கொண்டிருக்கலாம். சாவியைப் போட்டு, பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டு, பின்னால் யாரையாவது நிற்கச் சொல்லுங்கள். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தால் மாற்ற வேண்டியது அந்தச் சின்ன சுவிட்சை.