டயரின் காற்றழுத்தமும் எச்சரிக்கைக் கருவியும்

மோட்டார் வண்டியின் பாரத்தைப் பெரும்பாலும் தாங்குவது டயரினுள் அடைபட்டிருக்கும் காற்றேயாகும். ரப்பரும், அதனுட் பொதிந்த நூலிழைகளும், எஃகுக் கம்பிகளும் அக்காற்றைக் கட்டிக் காக்கும் கூடு எனலாம். பெல்பாஸ்டு நகரில் கால்நடை மருத்துவராயிருந்த ஜான் பாய்டு டன்லப் 1888-ஆம் ஆண்டில் காற்றடைத்த டயரை நடைமுறைக்குக் கொணர்ந்தார். அன்று தொட்டு, காற்றின் அளவைச் சோதிப்பது வண்டியோட்டியின் கடமையாகவே இருந்து வந்தது. இன்று அக்கடமையில் ஒரு பகுதியை வண்டியிலேயே அமைந்த கருவி ஏற்றுள்ளது. அமெரிக்காவில் பெருவழக்காயுள்ள பிக்கப் டிரக்கை எடுத்துக்காட்டாகக் கொண்டு, இக்கருவி எவ்வாறு இயங்குகிறது என்பதையும், அதை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதையும் இங்கே காண்போம்.

காற்றுக் குறைந்தால் நேர்வது

ஒரு சக்கரத்தின் மேல் 1,650 பவுண்டு பாரம் இருப்பதாகக் கொள்வோம். டயரில் சதுர அங்குலத்துக்கு 35 பவுண்டு அழுத்தம் இருந்தால், தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 47 சதுர அங்குலமாகும். அழுத்தம் 26 பவுண்டாகக் குறைந்தால், அதே பாரத்தைத் தாங்க ஏறத்தாழ 63 சதுர அங்குலம் தேவைப்படும். டயர் அவ்வளவுக்குத் தட்டையாகிறது. சக்கரம் ஒவ்வொரு முறை சுழலும்போதும் அதன் பக்கச்சுவர் மிகுதியாக வளைந்து நிமிர்கிறது. இவ்வாறு வளைவதில் செலவாகும் ஆற்றல் வெப்பமாக மாறுகிறது. வேகமும் பாரமும் கூடும்போது வெப்பம் பெருகி, டயரின் அடுக்குகள் ஒன்றையொன்று விட்டுப் பிரிய நேரலாம். நெடுஞ்சாலையில் அது நிகழ்ந்தால் வண்டி கவிழவும் கூடும்.

இது வெறும் கற்பனையன்று. அமெரிக்காவில் டயரின் மேற்பட்டை பிரிந்து பல உயிர்ச்சேதங்கள் நேர்ந்தமையால், 2000-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஏறத்தாழ 65 லட்சம் டயர்கள் திரும்பப் பெறப்பட்டன. அவ்வாண்டு நவம்பரிலேயே அந்நாட்டில் இதற்கெனச் சட்டம் பிறந்தது. அச்சட்டத்தின்வழி வகுக்கப்பட்ட விதிப்படி, 2007 செப்டம்பர் முதல் தயாரிக்கப்படும் கார்களிலும் இலகு டிரக்குகளிலும் டயர் அழுத்தங்காட்டும் எச்சரிக்கைக் கருவி கட்டாயமாயிற்று.

கருவி இயங்கும் முறை

இக்கருவி இருவகைப்படும். முதல் வகையில், ஒவ்வொரு சக்கரத்தினுள்ளும் வால்வுக்கு அருகில் சிறிய உணர்கருவி ஒன்று பொருத்தப்பட்டுள்ளது. அதிலுள்ள சிலிக்கன் தகடு காற்றழுத்தத்துக்கேற்ப வளைந்து, மின்தடையில் மாறுதலை உண்டாக்குகிறது. அம்மாறுதல் ரேடியோ அலையாக ஓட்டுநர் பகுதிக்குச் செல்கிறது. இதற்கு வேண்டிய மின்சாரத்தைச் சிறிய லித்தியம் பாட்டரி தருகிறது. வண்டி நிற்கும்போது பாட்டரி வீணாகாதபடி உணர்கருவி பெரும்பாலும் ஓய்வு நிலையில் இருக்கும். சக்கரம் சுழலத் தொடங்கினாலோ, அழுத்தம் விரைந்து மாறினாலோ விழித்தெழும்.

இரண்டாம் வகையில் தனி உணர்கருவி இல்லை. காற்றுக் குறைந்த டயரின் உருளும் ஆரம் சிறுத்துவிடுவதால், அச்சக்கரம் மற்றவற்றினும் சற்று விரைந்து சுழலும். பிரேக்குக்கென அமைந்த வேகமானிகள் இவ்வேறுபாட்டைக் கண்டறிகின்றன. எனினும், இவ்வகைக் கருவி அழுத்தத்தை நேரே அளப்பதில்லை.

விளக்கு கூறுவதும் கூறாததும்

அமெரிக்க விதிப்படி, குறிப்பிட்ட அழுத்தத்தினும் 25 விழுக்காடு குறைந்தவிடத்து மஞ்சள் விளக்கு எரிதல் வேண்டும். அதாவது, 36 பவுண்டு இருக்கவேண்டிய டயர் 27 பவுண்டாகும்வரை விளக்கு எரியாதிருக்கலாம். ஆகையால், விளக்கு எரியவில்லை என்பதனால் காற்று சரியாக உள்ளது என்று முடிவு செய்தல் தவறு. மாதம் ஒரு முறையேனும் அளவுமானியைக் கொண்டு சோதித்தல் வேண்டும்.

குளிர்ந்த விடியற்காலையில் எரிந்து, வண்டி சிறிது தூரம் ஓடியபின் அணைந்துவிடும் விளக்கைப் பலர் பொய்யெச்சரிக்கை எனக் கருதுவர். இதை ஒரு கணக்கால் ஆராய்வோம். 35 பவுண்டு வேண்டிய டயரில், 27 பாகை சென்டிகிரேடு வெப்பமுள்ள பிற்பகலில் 30 பவுண்டே இருக்கிறது என்க. வளிமண்டல அழுத்தமான 14.7 பவுண்டைக் கூட்டினால் மொத்தம் 44.7 ஆகும். 27 பாகை என்பது தனி வெப்பநிலையில் 300 பாகையாகும். இரவில் வெப்பநிலை உறைநிலைக்கும் கீழே 3 பாகை இறங்கினால், தனி வெப்பநிலை 270 ஆகிறது. கனஅளவு மாறாவிடில் அழுத்தமும் பத்தில் ஒரு பங்கு குறைந்து 40.2 ஆகும். வளிமண்டல அழுத்தத்தைக் கழிக்க, மானி காட்டுவது 25.5 பவுண்டு. எச்சரிக்கை எல்லையான 26.25-க்கு இது குறைவாதலால் விளக்கு எரிகிறது. ஓட்டத்தில் டயர் சூடேறியதும் அழுத்தம் உயர்ந்து விளக்கு அணைகிறது. ஆயினும் டயரில் காற்றுக் குறைவு தீரவில்லை. அணைந்த விளக்கை நம்பிப் பாரமேற்றிச் செல்வதே ஆபத்துக்கு வழியாகும்.

விளக்கு ஒரு நிமிடம் முதல் ஒன்றரை நிமிடம் வரை விட்டுவிட்டு எரிந்து, பின்னர் நிலையாக எரியுமானால், பழுது கருவியில் உள்ளது என்பது பொருள். உணர்கருவியின் பாட்டரி தீர்ந்திருத்தலும், உணர்கருவி இல்லாத மாற்றுச் சக்கரம் பூட்டப்பட்டிருத்தலும் இதற்குக் காரணமாகலாம்.

காற்றடைக்கும்போது உதவும் குறிப்பொலி

செவர்லே சில்வராடோ முதலிய சில டிரக்குகளில், காற்றடைக்கும்போதே அளவை அறிவிக்கும் அமைப்பு உண்டு. அதைப் பயன்படுத்தும் முறை வருமாறு:

1. வண்டியைச் சமதரையில் நிறுத்திக் கைபிரேக்கை இடுக; கியரைப் 'பார்க்' நிலையில் வைத்து, சாவியைத் திருப்பி மின்னிணைப்பைக் கொடுக்க.

2. குறைந்த டயரில் காற்றை ஏற்றுக. திரும்பு விளக்கு மின்னத் தொடங்கும்.

3. உரிய அழுத்தம் எய்தியதும் ஹாரன் ஒரு முறை ஒலிக்கும்; விளக்கு மின்னுவது நிற்கும். உடனே நிறுத்துக.

4. ஐந்து பவுண்டுக்கு மேல் மிகுந்தால் ஹாரன் பன்முறை ஒலிக்கும். விளக்கு மின்னிக்கொண்டிருக்கும்போதே வால்வின் நடு ஊசியை அழுத்திக் காற்றை வெளிவிடுக. அளவு சரியானதும் ஹாரன் மீண்டும் ஒரு முறை ஒலிக்கும்.

5. பதினைந்து விநாடிக்குள் விளக்கு மின்னாவிடில், உணர்கருவியின் ரேடியோ அலை எட்டவில்லை எனக் கொண்டு, வண்டியை ஒரு மீட்டர் முன்னோ பின்னோ நகர்த்தி மீண்டும் முயல்க. அபாய விளக்குகள் எரிந்துகொண்டிருந்தால் இக்குறிப்பைச் சரியாகக் காண இயலாது.

இக்குறிப்பொலி, ஓட்டுநர் கதவருகே ஒட்டப்பட்ட தகட்டில் உள்ள அழுத்தத்தையே இலக்காகக் கொள்ளும். டயரின் பக்கச்சுவரில் பொறித்துள்ள எண் அந்த டயருக்குரிய உச்ச அளவேயாதலால், அதைக் கொண்டு காற்றடைத்தல் கூடாது. தகட்டிலுள்ள அளவும் குளிர்ந்த டயருக்கே உரியது. அதாவது, வண்டி மூன்று மணி நேரமாவது நின்றிருத்தல் வேண்டும். சூடான டயரில் மானி மிகுதியாகக் காட்டினாலும் காற்றை வெளிவிடுதல் ஆகாது. குளிர்ந்ததும் குறைவு ஏற்பட்டுவிடும். டயர்களை இடம் மாற்றிப் பூட்டினால், எந்த உணர்கருவி எச்சக்கரத்தில் உள்ளது என்பதைக் கருவிக்கு மீண்டும் அறிவிக்க வேண்டுவதுண்டு. இன்றேல் முன் டயரின் குறை பின் டயரின் குறையாகக் காட்டப்படலாம்.

நம் நாட்டுக்குரிய குறிப்பு

பின்னச்சில் இரட்டைச் சக்கரம் பூண்ட வண்டிகளுக்கு மேற்கூறிய அமெரிக்க விதி பொருந்தாது. நம் சாலைகளில் ஓடும் பெரும்பாலான லாரிகள் இத்தகையனவே. இரட்டைச் சக்கரத்தில் உள்டயர் காற்றிழந்தாலும் வெளிடயர் பாரத்தைத் தாங்கி நிற்பதால், குறை கண்ணுக்குப் புலனாவதில்லை. இவ்வண்டிகளைப் பொறுப்பேற்கும் களப்பணியாளர் உள்டயரையும் மானியிட்டுச் சோதிப்பது இன்றியமையாதது.

ஆசிரியர்கள் மேற்கண்ட விடியற்காலைக் கணக்கை வகுப்பில் செய்துகாட்டலாம். பின்வரும் வினாக்களையும் மாணவர்க்கு அளிக்கலாம்:

1. 27 பாகையில் 110 பவுண்டு அழுத்தமுள்ள லாரி டயர் 67 பாகைக்குச் சூடேறினால் மானி என்ன காட்டும்? (விடை: ஏறத்தாழ 127 பவுண்டு)

2. இக்கணக்கில் வளிமண்டல அழுத்தத்தைக் கூட்டாமல் விட்டால் விடை எவ்வாறு பிழைபடும்?

3. நான்கு டயர்களும் ஒரே அளவில் காற்றிழந்தால், சுழல்வேகத்தை ஒப்பிடும் கருவி அதைக் கண்டறிவது ஏன் கடினம்?