மிகைநேர ஊதியம்: ஒன்றரை மடங்கின் கணக்கு

கேள்வி: அமெரிக்காவில் மணிக்கூலி பெறும் தொழிலாளிக்கு மிகைநேர ஊதியம் எவ்வாறு கணக்கிடப்படுகிறது?

பதில்: 1938ஆம் ஆண்டின் நியாயமான உழைப்புத் தரங்கள் சட்டத்தின்படி, விலக்களிக்கப்படாத தொழிலாளி ஒருவர் ஒரு வேலைவாரத்தில் 40 மணிநேரத்தைக் கடந்து உழைக்கும் நேரத்திற்கு, வழமையான ஊதிய வீதத்தில் குறைந்தது ஒன்றரை மடங்கு பெற உரிமையுடையவர். வேலைவாரம் என்பது தொடர்ச்சியான 168 மணிநேரம் கொண்ட, முன்கூட்டியே வரையறுக்கப்பட்ட காலஅளவாகும். ஒவ்வொரு வாரமும் தனித்தனியே கணக்கிடப்படுவதால், ஒரு வாரம் 50 மணிநேரமும் மறுவாரம் 30 மணிநேரமும் உழைத்தவரின் நேரத்தைச் சராசரியாக்கி, மிகைநேரமே இல்லை எனக் கூற இயலாது.

வழமையான வீதம் என்பது மணிக்கூலி மட்டுமன்று. உற்பத்திக்காகவோ ஒழுங்கான வருகைக்காகவோ முன்னரே உறுதியளிக்கப்பட்ட ஊக்கத்தொகையும் அதில் சேரும். மணிக்கு 20 டாலர் பெறுபவர் 46 மணிநேரம் உழைத்து, அவ்வாரத்திற்கு 46 டாலர் ஊக்கத்தொகையும் ஈட்டினால், மொத்தத் தொகையான 966 டாலரை 46ஆல் வகுக்கக் கிடைக்கும் 21 டாலரே வழமையான வீதமாகும். எல்லா மணிகளுக்கும் ஒரு மடங்கு ஊதியம் ஏற்கெனவே அத்தொகையில் அடங்கிவிட்டதால், எஞ்சிய அரை மடங்கான 10.50 டாலரை 6 மிகைநேர மணிகளால் பெருக்கி வரும் 63 டாலரைக் கூட்டினால், அவருக்குரியது 1,029 டாலர் ஆகிறது.

ஊதியத்துடன் கூடிய விடுப்பு நேரம் இந்த 40 மணிநேரத்தில் சேராது. கலிபோர்னியா போன்ற மாநிலங்களில் பொதுவாக ஒரே நாளில் 8 மணிநேரத்தைக் கடந்தாலும் மிகைநேரம் தொடங்கிவிடுகிறது; அங்கு கூட்டாட்சிச் சட்டம், மாநிலச் சட்டம் ஆகிய இரண்டனுள் தொழிலாளிக்குக் கூடுதல் நலன் தருவதே பொருந்தும்.