ஊசிக்கு எதற்கு ஸ்கேன்?

தஞ்சாவூர், சென்னை என்று பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பியவர்கள் மயிலாடுதுறையில் சொல்லிக்கொண்டே இருக்கும் பேச்சு இது: "அந்த சிஸ்டருக்குக் கைராசி போதாது. நரம்பைத் தேட ஸ்கேன் மெஷின் கேக்குறாங்க." கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. முழுத் தவறு.

கண்ணுக்கும் விரலுக்கும் அகப்படுவது தோலுக்கடியில் புடைத்திருக்கும் ரத்தக்குழாய் மட்டுமே. உடம்பு பருத்தவர், கை வீங்கியவர், பேதியில் நீர் வற்றி வந்தவர், வருடக்கணக்காக ஊசி போட்டுக் குழாய் கெட்டிப்பட்டவர் ஆகியோருக்கு மேலாக ஒன்றும் சிக்காது. மேல்கையின் உட்பக்கம், ஆழத்தில், நல்ல சிரை ஓடிக்கொண்டிருக்கும். ஸ்கேன் மெஷினின் ப்ரோபை வைத்து லேசாக அழுத்தினால் சிரை அமுங்கி மறையும். பக்கத்துத் தமனி துடித்துக்கொண்டே நிற்கும். அதைத் திரையில் பிரித்தறிந்து, ஊசிமுனையை விடாமல் பார்த்து இறக்குவது பழகி வந்த திறமை. 2004-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், எளிதில் குழாய் கிடைக்காத நோயாளிகளுக்கு அவசரப் பிரிவு நர்ஸுகளே இப்படிப் போட்டதில் 87 சதவீதம் வெற்றி. இவர்களுக்கா கைராசி இல்லை? ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: ஆழத்துக் குழாயில் குட்டை வென்ஃப்ளான் நிற்காது, நழுவிக் கை வீங்கும். நீளமானதை வாங்கி வைக்காமல் ஸ்கேனைக் குறை சொல்லாதீர்கள்.

வயலில் கண்ணாடி விரியன் கடித்து வருபவரை நினைத்துப் பாருங்கள். ரத்தம் உறையாது. விஷமுறிவு மருந்தோ ரத்தக்குழாய் வழியாகத்தான் ஏற வேண்டும். நாலு இடத்தில் குத்தித் தவறினால் நாலு இடத்திலும் கசியும், தோலுக்கடியில் கன்றிப் பரவும். கழுத்திலும் காரையெலும்புப் பக்கமும் பெரிய குழாயைத் தேடுவது அதைவிட ஆபத்து. அங்கே குத்திக் குத்திப் பார்ப்பதா அனுபவம்?

மற்றவை சில்லறைக் கதைகள். இந்த ஸ்கேனில் கதிர்வீச்சு கிடையாது, ஒலி அலைதான். அவசரப் பிரிவில் ஸ்கேன் வைக்கச் சட்டத்தில் தடையும் இல்லை. 1994-ம் ஆண்டுச் சட்டம் தடுப்பது கருவின் பாலினம் பார்ப்பதை, அதற்காகவே மெஷினைப் பதிவு செய்யச் சொல்கிறது. ட்ரிப்ஸ் ஏற்றினால் தெம்பு வராது. அரை லிட்டர் 5 சதவீத குளுக்கோஸில் இருப்பது 25 கிராம் குளுக்கோஸ். சாப்பிட முடிந்தவர் இட்லி சாப்பிடட்டும்.

கேட்டு வாங்கிப் போடும் ஒவ்வொரு ட்ரிப்ஸும் ஒரு குழாயைக் கெடுக்கலாம். சிறுநீரகம் பழுதடைந்து வருபவர்களுக்கு இது பெரிய நஷ்டம். நாளை டயாலிசிஸுக்கு ஃபிஸ்டுலா போட அந்தக் குழாய்தான் வேண்டும். உயிர் போகிற அவசரம் தவிர, அவர்களுடைய முன்கையிலும் மேல்கையிலும் ஊசி வேண்டாம், ஸ்கேன் பார்த்துப் போடுவதும் இதில் சேர்த்திதான். புறங்கையில் போடச் சொல்லுங்கள். சிஸ்டர் கேட்கட்டும் என்று காத்திருக்காமல், கையை நீட்டுமுன் நீங்களே சொல்லிவிடுங்கள்.