மண்பானையும் மருந்தும்

இராஜஸ்தானின் பாலைநிலச் சிற்றூர்களில் கோடை வெப்பம் 45 டிகிரியைத் தாண்டும். நீரிழிவு நோயாளிக்குரிய இன்சுலினையோ, திறக்கும்வரை 2 முதல் 8 டிகிரிக்குள் காக்க வேண்டும். உறைந்தாலும் அது கெடும். மருந்தாளுநர் அதனைக் குளிர்பெட்டியில் கொண்டு சென்று கொடுத்தாலும், குளிர்பதனப் பெட்டி இல்லாத வீட்டில் மூதாட்டி எங்கே வைப்பார்?

பெரிய பானையில் ஈரமணலை நிரப்பி, நடுவே சிறு மண்கலத்தைப் பதித்து, அதனுள் நீர் படாமல் மருந்தை வைக்கக் கற்பிக்கிறார் மருந்தாளுநர். நீர் ஆவியாகும்போது வெப்பத்தைக் கவர்வதால் கலம் குளிர்கிறது. எனினும், இது குளிர்பதனப் பெட்டிக்கு ஈடாகாது. திறந்த மருந்து ஏறத்தாழ நான்கு வாரங்களே பயன்படும். ஆதலால் ஒரு மாத அளவே தருகிறார். மூதாட்டி எழுத்தறியாதவர்; நாள்காட்டியில் முடிவு நாளை வட்டமிட்டுக் காட்டுகிறார். அந்நாளுக்குள் அவரே மீண்டும் வர வேண்டும்.

சிந்தித்து எழுதுக: மழைக்காலத்தில் பானையின் குளிர்ச்சி குறைவது ஏன்?