பெரிய மீனுக்கு எத்தனை லீற்றர்?

கடையில் இரண்டு அங்குலக் குஞ்சாக நிற்கும் ஒஸ்கார் மீன், ஒரு வருடத்திலேயே ஓரடியை நெருங்கிவிடும். ஆகவே தொட்டிக்கு மீன் எண்ணும்போது குஞ்சைப் பார்க்காதீர்கள், வளர்ந்த மீனைப் பாருங்கள். ஓர் அங்குல மீனுக்கு ஒரு கலன் தண்ணீர் என்ற கணக்கு சின்ன மீன்களுக்குத்தான். நீளம் இரட்டிப்பானால் உடற்பருமன் ஏறக்குறைய எட்டு மடங்காகும்; கழிவும் அதற்கேற்பக் கூடும்.

நீளம், அகலம், நீர்மட்டம் மூன்றையும் சென்ரிமீற்றரில் பெருக்கி 1000ஆல் வகுத்தால் லீற்றர் வரும். 120 × 45 × 45 தொட்டியில் 243 லீற்றர். அதில் ஒஸ்கார் ஒன்றே ஒன்றுதான். இரண்டாவது வேண்டுமென்றால் ஆறடித் தொட்டிக்குப் போங்கள். அகலமும் முக்கியம்: ஓரடி அகலத்தில் ஓரடி மீன் திரும்பவே சிரமப்படும்.

பழுகாமம் பக்கத்துக் களப்பில் பிடிபடும் பச்சைக் குரோமைட்டும் ஒஸ்காரின் குடும்பம்தான். கேரளத்தார் கரிமீன் என்று கொண்டாடுவது இதையே. பொதுவாக 20 சென்ரிமீற்றர் வளரும். கூட்டமாக வாழ்வதால் தனியே விட்டால் மிரண்டு மூலையில் ஒதுங்கும். ஐந்தாறு சேர்த்து வளர்க்க ஆறடித் தொட்டி தேவை. உவர்நீரில் பிடித்ததைச் சட்டென்று கிணற்று நீரில் போடாதீர்கள். சில நாட்களில் மெல்ல மெல்லப் பழக்குங்கள்.

வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீரை மாற்றுங்கள். மின்சாரம் நின்றால் நெரிசலான தொட்டியில்தான் மீன்கள் முதலில் மேலே வந்து வாய் பிளக்கும்.

வளர்ந்து இடம் போதாமல் போன ஒஸ்காரைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள். தயவுசெய்து களப்பிலோ குளத்திலோ விடாதீர்கள்.