ஒளி யாருக்கு? மகிழுந்தின் முகப்பு விளக்கை மாற்றும் முன் அறிய வேண்டியவை



நம் கழக இதழில் கவிதைக்கும் சிறுகதைக்கும் இலக்கிய ஆய்வுக்குமே பெரும்பாலும் இடம் உண்டு. நான் மகிழுந்தின் முகப்பு விளக்கைப் பற்றி எழுத வந்திருக்கிறேன். அதற்குக் காரணம் இரண்டு. நம்மில் பலர் படிக்கும்போதோ, வேலைக்குச் சேர்ந்தவுடனோ பழைய மகிழுந்து ஒன்றை வாங்குகிறோம். வாங்கியதும் மஞ்சள் விளக்கைக் கழற்றிவிட்டு 'வெள்ளை லைட்டு' போடத்தான் முதலில் கை பரபரக்கிறது. இது முதல் காரணம். அதே தவற்றை நானும் செய்தேன் என்பது இரண்டாவது.

தமிழ்ப்பள்ளியில் 'ஒளியின் பிரதிபலிப்பு' என்று படித்த பாடத்தை இடைநிலைப்பள்ளியில் மலாயில் படித்தேன். இரண்டிலும் தேர்வில் நல்ல புள்ளிகள்தாம். ஆனால், அந்தப் பாடம் எனக்கு உண்மையில் விளங்கியது வீட்டுக்குக் கீழே வண்டி நிறுத்தும் இடத்தில்தான்.

நடந்தது என்ன?

நாங்கள் செராஸ் வட்டாரத்தில் ஓர் அடுக்குமாடியில் குடியிருக்கிறோம். அம்மாவுக்கு உலு லங்காட் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பிற்பகல் ஷிப்ட். இரவு பதினொரு மணிக்கு அப்பா சென்று அழைத்து வருவார். செராஸ் ஒன்பதாம் மைல் வரை சாலை விளக்குகள் பகலைப் போல எரியும். அதைத் தாண்டி உலு லங்காட் சாலையில் நுழைந்துவிட்டால், சில இடங்களில் நம் வண்டி விளக்கை மட்டுமே நம்பிப் போக வேண்டும். எங்கள் வண்டிக்கு வயது பதினாறு.

"தம்பி, மழ பேஞ்சா ரோட்டுல கோடே தெரிய மாட்டேங்குதுடா," என்றார் அப்பா ஒருநாள்.

அப்போது நான் வார இறுதியில் பகுதிநேர வேலை செய்துகொண்டிருந்தேன். அந்தச் சம்பளத்தில் 180 வெள்ளி கொடுத்து ஒரு சோடி எல்.இ.டி. பல்பு வாங்கினேன். பெட்டியின்மேல் 20,000 லூமன் என்று எழுதியிருந்தது. பத்து நிமிடத்தில் நானே மாட்டினேன். சுவர் முழுவதும் வெள்ளை வெளேரென்று ஆனது. அப்பாவுக்கு மகிழ்ச்சி, எனக்குப் பெருமை.

இரண்டு வாரம் கழித்து மின்தூக்கியின் அருகே பக்கத்து வீட்டு அங்கிள் என்னை நிறுத்தினார். அவர் இரவுக் காவல் வேலைக்கு மோட்டார் சைக்கிளில் போகிறவர்.

"தம்பி, நேத்து ராத்திரி எதுக்க வந்தது ஒங்க வண்டிதானா? தாண்டுன பெறகு திரும்பி நம்பர பாத்துத்தான் தெரிஞ்சிக்கிட்டேன். கண்ணுல ஒண்ணுமே தெரியல. கொஞ்சம் விட்டிருந்தா லொங்காங்குல எறங்கியிருப்பேன்."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அதனால்தான் எனக்குக் கூடுதலாக உறைத்தது. அன்று மாலை அப்பாவிடம் கேட்டேன். "கிட்டக்க நல்லாத் தெரியுது. தூரத்துலதான் முன்ன மாதிரியே இருட்டு," என்றார். எதிரே வந்தவருக்குக் கண் கூசியது. எங்களுக்கோ தூரம் தெரியவில்லை. 180 வெள்ளிக்குக் கிடைத்த பயன் இதுதான். ஏன் இப்படி ஆனது?

மூன்று வகை விளக்குகள்

ஹாலோஜன் பல்பில் டங்ஸ்டன் மின்னிழை சூடேறி ஒளி தருகிறது. உள்ளே உள்ள வாயுவில் சிறிதளவு அயோடின் அல்லது புரோமின் கலந்திருக்கும். இழையிலிருந்து ஆவியாகும் டங்ஸ்டனை அது மீண்டும் இழைக்கே கொண்டு சேர்க்கும். அதனால் பல்பின் உட்புறம் கறுப்பதில்லை. ஐரோப்பாவில் 1962இல் ஹாலோஜன் விளக்குகள் மகிழுந்துகளுக்கு வந்தன. நம் நாட்டுப் பழைய வண்டிகள் பலவற்றில் உள்ள எச்4 வகை 1971இல் அறிமுகமானது. எச்4 பல்பு ஒன்றில் இரண்டு இழைகள் உண்டு: உயர்ஒளிக்கு 60 வாட், தாழ்ஒளிக்கு 55 வாட். அவை தரும் ஒளி முறையே ஏறத்தாழ 1,650 லூமனும் 1,000 லூமனும் ஆகும்.

எச்.ஐ.டி. விளக்கில் இழை கிடையாது. செனான் வாயு நிரம்பிய சிறு குமிழுக்குள் இரு மின்முனைகளுக்கு இடையே மின்வில் எரிகிறது. அதைப் பற்றவைக்க இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் வேண்டும் என்பதால் 'பேலஸ்ட்' என்ற பெட்டி ஒன்று உடன் இருக்கும். 35 வாட்டில் ஏறத்தாழ 3,200 லூமன் தரும். 1991இல் பி.எம்.டபிள்யூ. 7 வரிசையில் இது முதலில் வந்தது.

எல்.இ.டி. என்பது குறைகடத்திச் சில்லு. 2007இல் லெக்சஸ் எல்.எஸ். 600எச் மகிழுந்தின் தாழ்ஒளியில் இடம்பெற்றது. நம் நாட்டில் 2017இல் வெளிவந்த மூன்றாம் தலைமுறை மைவியின் எல்லா ரகங்களிலும் எல்.இ.டி. முகப்பு விளக்கு தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டு வந்தது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். கடைகளில் 6,000 கெல்வின், 8,000 கெல்வின் என்று கூவி விற்பார்கள். கெல்வின் ஒளியின் நிறத்தைக் குறிக்கும். ஒளியின் அளவைக் குறிக்காது. ஹாலோஜன் சுமார் 3,200 கெல்வின், தொழிற்சாலை எச்.ஐ.டி. சுமார் 4,300 கெல்வின். எண் ஏற ஏற ஒளி நீலமாகும், வெளிச்சம் கூடிவிடாது. நீலப் பூச்சுப் பூசிய ஹாலோஜன் பல்பு, பூச்சு தடுப்பதால் உண்மையில் குறைந்த ஒளியையே வெளியே விடுகிறது.

பல்பு பாதி, கிண்ணம் பாதி

முகப்பு விளக்கு என்பது பல்பு மட்டுமன்று. பல்பு, அதன் பின்னால் உள்ள பிரதிபலிப்புக் கிண்ணம், முன்னால் உள்ள மூடி ஆகிய மூன்றும் சேர்ந்ததே விளக்கு. கிண்ணத்தின் வளைவு ஒவ்வொன்றும் இழை எங்கே இருக்கும் என்று கணக்கிட்டுச் செய்யப்பட்டது. எச்4 பல்பில் உயர்ஒளி இழை கிண்ணத்தின் குவியத்தில் இருக்கும். அதன் ஒளி நேராகத் தூரம் செல்லும். தாழ்ஒளி இழையோ குவியத்திற்குச் சற்று முன்னால் இருக்கும். அங்கிருந்து கிண்ணத்தின் மேற்பாதியில் படும் ஒளி கீழ்நோக்கிச் சாலையில் விழும். கீழ்ப்பாதியில் பட்டால் மேல்நோக்கி எதிரே வருபவரின் கண்ணுக்குப் போகும். அதைத் தடுக்கவே தாழ்ஒளி இழைக்குக் கீழே சிறு உலோகத் தட்டு ஒன்று வைத்திருக்கிறார்கள். பல்பைக் கையில் எடுத்தால் அதைக் காணலாம். கண்ணாடிப் பகுதியை மட்டும் தொடாதீர்கள். விரலின் எண்ணெய் பட்ட இடம் அளவுக்கு மீறிச் சூடாகிப் பல்பு கெடும்.

அந்தத் தட்டின் விளிம்புதான் சுவரில் நாம் காணும் வெட்டுக்கோடு. கோட்டுக்கு மேலே இருட்டு, கீழே வெளிச்சம். நாம் சாலையின் இடப்பக்கம் ஓட்டுவதால், கோடு வலப்பக்கம் மட்டமாகவும் இடப்பக்கம் 15 பாகை ஏறியும் இருக்கும். வலப்பக்கம் எதிரே வருபவரின் கண். இடப்பக்கம் சாலையோரம் நடப்பவரும் அறிவிப்புப் பலகையும்.

மாற்று எல்.இ.டி. பல்பில் என்ன நடக்கிறது? இழை சுற்றிலும் ஒளி வீசும். எல்.இ.டி. சில்லுகளோ ஒரு தகட்டின் இரு பக்கமும் ஒட்டப்பட்டவை. இரு பக்கம் மட்டுமே வீசும். தகட்டின் தடிமனால் சில்லுகள் இழை இருக்க வேண்டிய இடத்தில் சரியாக அமைவதில்லை. ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் கிண்ணம் அதைப் பெரிதாக்கிச் சாலைக்கு அனுப்பும். எச்.ஐ.டி.யின் மின்வில்லும் வெப்பத்தால் மேல்நோக்கி வளைந்து எரிவது. இழையின் வடிவம் அதற்கு இல்லை. முதற்கோணல் முற்றும் கோணல் என்பது இங்கே அப்படியே பொருந்தும். வெட்டுக்கோடு கலங்குகிறது, ஒளி மேலே சிதறுகிறது, தூரத்தில் குவிய வேண்டிய ஒளி வண்டிக்கு முன்னால் கொட்டிக் கிடக்கிறது. அருகில் பளிச்சென்று இருப்பதால் நம் கண்ணின் பாவை சுருங்கித் தூரம் இன்னும் இருட்டாகத் தெரிகிறது. அப்பா சொன்னது இதைத்தான்.

வில்லை பொருத்திய புரொஜெக்டர் விளக்கில் மாட்டினால் பரவாயில்லை என்று நண்பர்கள் சொல்வதுண்டு. அதில் வெட்டுக்கோடு தெளிவாக இருக்கும் என்பது உண்மை. ஆயினும், அதுவும் ஹாலோஜன் இழைக்காகச் செய்த விளக்கே. கோட்டுக்குக் கீழே ஒளி பரவும் விதம் மாறிவிடும்.

மழைநாளின் கதை வேறு. உலர்ந்த தார்ச்சாலை ஒளியைப் பல திசையிலும் சிதறடிப்பதால் ஒரு பகுதி நம் கண்ணுக்குத் திரும்பி வரும். நனைந்த சாலை கண்ணாடி போல ஒளியை முன்னோக்கியே அனுப்பிவிடும். நமக்குக் கோடு மறைகிறது, எதிரே வருபவருக்குக் கண் கூசுகிறது. இந்நிலையில் இன்னும் அதிக வெளிச்சத்தைக் கொட்டினால் அதில் பெரும்பங்கு அவருக்கே போகும்.

ஒரு பாகையின் விலை

விளக்கு தரையிலிருந்து 65 சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம். தாழ்ஒளி 100க்கு 1 என்ற அளவில் கீழே சரிந்தால், வெட்டுக்கோடு 65 மீட்டரில் தரையைத் தொடும். அதே விளக்கு ஒரே ஒரு பாகை மேலே தூக்கிவிட்டால், 60 மீட்டர் தூரத்தில் கோடு 1.1 மீட்டர் உயரத்தில் நிற்கும். சிறிய மகிழுந்தை ஓட்டுபவரின் கண் ஏறக்குறைய அந்த உயரத்தில்தான் இருக்கிறது. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு வினாடியில் 22 மீட்டரைக் கடக்கும். கூசிய கண் தெளிய மூன்று வினாடி ஆனால், அவர் 66 மீட்டரைக் குருடராகவே கடக்கிறார். வயது கூடக்கூடக் கண் தெளியும் நேரமும் கூடும்.

இதனால்தான் 2,000 லூமனுக்கு மேற்பட்ட ஒளிமூலம் கொண்ட தாழ்ஒளி விளக்குகளுக்கு, தானாகவே சாய்வைச் சரிசெய்யும் அமைப்பும் மூடியைக் கழுவும் அமைப்பும் வேண்டும் என்று ஐ.நா.வின் வாகன விதிமுறைகள் வகுத்தன. 200 வெள்ளிப் பெட்டியில் இவை இரண்டும் வருவதில்லை.

சட்டம் சொல்வது

நம் நாட்டில் 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டமும், வாகனக் கட்டமைப்பு, பயன்பாடு பற்றிய 1959ஆம் ஆண்டு விதிகளும் வாகன விளக்குகளைக் கட்டுப்படுத்துகின்றன. தொழிற்சாலையில் பொருத்தப்பட்டு வந்த எச்.ஐ.டி., எல்.இ.டி. விளக்குகளுக்குத் தடை இல்லை. ஹாலோஜன் விளக்கில் நாமாக அவற்றை மாட்டுவதே குற்றம். ஜே.பி.ஜே. இதற்குச் சம்மன் கொடுக்கும். உரிமை மாற்றத்திற்குப் பரிசோதனைக்குப் போகும்போதும் முகப்பு விளக்கைச் சோதிப்பார்கள். ஜெர்மனியில் 2020 முதல் சில எல்.இ.டி. மாற்றுப் பல்புகளுக்கு அனுமதி உண்டு. அதுவும் சோதித்துப் பட்டியலிடப்பட்ட வாகன மாதிரிகளுக்கு மட்டும். பல்பும் கிண்ணமும் சேர்ந்ததே விளக்கு என்பதை அந்தப் பட்டியலே காட்டுகிறது.

அப்படியானால் என்ன செய்யலாம்?

எங்கள் வண்டிக்குச் செய்தவற்றை வரிசையாகத் தருகிறேன்.

1. மூடியைப் பார்க்கவும். முகப்பு விளக்கின் மூடி கண்ணாடியன்று. பாலிகார்பனேட் எனும் நெகிழி. நம் ஊர் வெயிலில் மேற்பூச்சு அழிந்து மஞ்சளாகிவிடும். எங்கள் வண்டியின் உண்மையான நோய் இதுதான். 1000, 2000, 3000 எண் உப்புத்தாளை நீர் விட்டுத் தேய்த்து, மெருகுப் பசை பூசி, கடைசியில் புற ஊதாக் கதிர்த் தடுப்புப் பூச்சு அடித்தேன். அந்தக் கடைசிப் பூச்சை விட்டுவிட்டால் சில மாதங்களில் மீண்டும் மஞ்சளாகும். செலவு 35 வெள்ளி, ஒரு ஞாயிறு காலை.

2. பழைய ஹாலோஜன் பல்புகளைச் சோடியாக மாற்றவும். வட்டத்துக்குள் 'ஈ' எழுத்தும் எண்ணும் பொறித்த, அதே வாட் அளவுள்ள பல்பாக இருக்கட்டும். 100 வாட் பல்பு போட்டால் வயரும் செருகியும் உருகக்கூடும்.

3. மின்னழுத்தத்தைச் சோதிக்கவும். பல்பைச் சேரும் மின்னழுத்தம் பத்து விழுக்காடு குறைந்தால் ஒளி ஏறத்தாழ முப்பது விழுக்காடு குறையும். துருப்பிடித்த எர்த் வயர் ஒன்றே இதற்குப் போதும். பட்டறையில் சில நிமிட வேலை.

4. சாய்வைச் சரிசெய்யவும். சமதளத்தில் வண்டியைச் சுவரை ஒட்டி நிறுத்தி, விளக்கின் மையத்திற்கு நேராகச் சுவரில் ஒட்டுநாடா ஒட்டவும். பிறகு, 10 மீட்டர் பின்னால் போய், ஒருவரை ஓட்டுநர் இருக்கையில் அமர்த்தித் தாழ்ஒளியைப் போடவும். வெட்டுக்கோடு நாடாவுக்கு ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் கீழே இருக்க வேண்டும். விளக்கின் பின்னுள்ள திருகால் ஏற்றி இறக்கலாம்.

5. ஸ்டீயரிங்கின் அருகே 0 முதல் 3 வரை எண்ணிட்ட சிறு சக்கரம் பல வண்டிகளில் உண்டு. பின்னிருக்கையும் பின்பெட்டியும் நிறைந்தால் வண்டியின் மூக்கு தூக்கும். அப்போது எண்ணைக் கூட்ட வேண்டும். தீபாவளிக்குக் குடும்பத்தோடு ஊருக்குப் போகும்போது நினைவில் வையுங்கள்.

6. ஓட்டுபவரின் கண்ணையும் சோதிக்கவும். அப்பாவின் மூக்குக்கண்ணாடி ஐந்து ஆண்டுப் பழையது. அதையும் மாற்றினோம்.

முடிவாக

கழற்றிய எல்.இ.டி. பல்புகள் இன்னும் என் மேசை இழுப்பறையில் கிடக்கின்றன. விற்க மனம் வரவில்லை. வாங்குபவரும் வேறொருவர் எதிரில்தானே மாட்டிக்கொண்டு போவார்? "இப்ப கோடு தெரியுதுடா," என்று அப்பா சொன்ன பிறகு, பக்கத்து வீட்டு அங்கிளைக் கீழே வரச் சொன்னேன். அவர் தம் மோட்டார் சைக்கிளை முப்பது மீட்டர் தள்ளி நிறுத்தி, அதில் உட்கார்ந்து எங்கள் விளக்கைப் பார்த்தார். "ம், போலாம்," என்றார். எந்தத் தேர்விலும் எனக்கு அவ்வளவு நிம்மதி கிடைத்ததில்லை.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்து பயனில்லை. விளக்கை மாற்ற நினைக்கும் நண்பர்கள் பணம் கட்டும் முன் ஒன்று செய்யுங்கள். இருட்டிய பின் தாழ்ஒளியைப் போட்டுவிட்டு, முப்பது மீட்டர் முன்னால் போய், உங்கள் வண்டிக்கு எதிரே ஒரு நிமிடம் நில்லுங்கள். நாம் அன்றாடம் பிறர் கண்ணில் என்ன போடுகிறோம் என்று அங்கிருந்துதான் தெரியும்.